விழுவது விதியன்று

“யானைக்கும் அடி சறுக்கும்” என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. எத்துணை வலியவருக்கும் தவறு நேரக்கூடும் என்று ஆறுதல் கூறவே இதனைப் பயன்படுத்துகிறோம். ஆறுதலுக்கு இது நல்ல மொழிதான். ஆனால் ஆராய்ச்சிக்கு? ஒருவர் குளியலறையில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. உறவினர் கூடுகின்றனர். “எல்லாம் கெட்ட நேரம்” என்கிறார் ஒருவர். “வயதாகிவிட்டது, கால் தடுக்கிவிட்டது” என்கிறார் மற்றொருவர். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. யானைக்கு ஏன் அடி சறுக்கியது, தரையில் பாசியா, யானைக்கே தலைச்சுற்றலா என்று கேட்பார் எவருமில்லை.

கேட்கத்தான் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதிலும் குறிப்பாக, நாட்பட்ட சிறுநீரக நோயால் அல்லற்படுவோர் கீழே விழும்போது, அதனை எதிர்பாராத விபத்து என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அந்த வீழ்ச்சி அவர்தம் நோயின் ஒரு கிளை. முன்கூட்டியே அறியத்தக்கது, பெருமளவு தடுக்கவும் தக்கது. நான் மருத்துவம் பயில்பவன் அல்லன்; விலங்கியல் பயில்பவன். ஆயினும் காரணமின்றிக் காரியமில்லை என்பதை ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கற்கும் நாம், வீட்டு முற்றத்தில் மட்டும் அதனை மறந்துவிடலாமா?

சிறுநீரகத்தின் பணி

நம் முதுகுப்புறத்தே, விலா எலும்புகளின் கீழே, அவரை விதையின் வடிவில் அமைந்துள்ளவை இரு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் நம் கைமுட்டியளவே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மற்றதை இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன.

சிறுநீரகம் என்றால் கழிவை நீக்கும் உறுப்பு என்பதுடன் நிறுத்திக்கொள்கிறோம். உண்மையில் அது வேறு பல வேலைகளையும் பார்க்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் உண்டாவதற்குத் தூண்டுதல் தரும் எரித்ரோபாயிட்டின் என்னும் பொருளை அது சுரக்கிறது. வெயிலாலும் உணவாலும் நாம் பெறும் வைட்டமின் டி, முதலில் கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பிறகே உடலுக்கு முழுமையாகப் பயன்படுகிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

எனவே சிறுநீரகம் பழுதுபட்டால் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறுவதோடு கதை முடிவதில்லை. இரத்தசோகை வருகிறது, எலும்பு வலுவிழக்கிறது, இரத்த அழுத்தம் நிலைகுலைகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய பழுதையே நாட்பட்ட சிறுநீரக நோய் என்கின்றனர். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் ஏதேனும் ஒரு நிலையில் இருப்பதாக அறிஞர் மதிப்பிடுகின்றனர். நம் நாட்டில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இதற்குப் பெருங்காரணங்களாக உள்ளன.

வீழ்ச்சிக்கு வழிவகுப்பவை

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு என்ன வேண்டும்? தொடையிலும் கெண்டைக்காலிலும் வலுவுள்ள தசை வேண்டும். தரையை உணரும் பாதம் வேண்டும். பாதையைக் காணும் கண் வேண்டும். எழுந்து நின்றவுடன் மூளைக்குக் குறையாமல் இரத்தம் செல்ல வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் தள்ளாட்டம்தான்.

சிறுநீரக நோய் முற்றியவரிடம் நான்குமே குறையக்கூடும். பசியின்மையாலும், உணவுக் கட்டுப்பாட்டாலும், நோயின் தன்மையாலும் தசை கரைகிறது. இரத்தத்தில் தங்கிய கழிவுகளால் காலின் நரம்புகள் மரத்துப்போகின்றன. நீரிழிவும் உடனிருந்தால் அம்மரப்பு இருமடங்காகிறது. செருப்புக் காலிலிருந்து நழுவியதைக்கூட உணராதவர் உண்டு. அதே நீரிழிவு கண்ணின் விழித்திரையையும் தாக்குகிறது. படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து கண் இருட்டுகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேலழுத்தம் 20 மில்லிமீட்டரோ கீழழுத்தம் 10 மில்லிமீட்டரோ குறையுமானால் அதனை ஒரு நோய்க்குறியாகவே மருத்துவர் கருதுகின்றனர்.

இவற்றோடு மருந்துகளின் விளைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பைக் குறைக்கும் மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவை தேவையால் தரப்படுபவை. எனினும் ஒவ்வொன்றும் தலைச்சுற்றலைத் தரவல்லது. கால் எரிச்சலுக்குத் தரப்படும் கபாபென்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டியவை. வாசல் அடைபட்டிருக்கும்போது அவை உடலிலேயே தேங்குகின்றன. மற்றவருக்கு ஏற்ற அளவு இவருக்கு மிகையாகிவிடுகிறது.

அடுத்து வருகிறது இரவு. நோயின் தொடக்க நிலைகளில் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். நம் சிற்றூர்களில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. மின்கட்டணத்துக்கு அஞ்சியும், உறங்குவோருக்குத் தொல்லை வேண்டாமென்றும் விளக்கைப் போடாமலே எழுந்து செல்வர் நம் பெரியோர். உயர்ந்த நிலைப்படி, ஈரமான தரை, பாசி படிந்த கல், தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஆகியவற்றை எல்லாம் கடந்து, குந்தி அமரும் கழிப்பிடத்தில் அமர்ந்து, வலுவிழந்த தொடைகளை ஊன்றி எழ வேண்டும். அந்த நேரத்தில் விழுந்தால் அதற்குப் பெயர் தற்செயலா? விழாமல் திரும்பி வந்தால் அதனையன்றோ தற்செயல் எனல் வேண்டும்!

நான்கு மணி நேரத்துக்குப் பின்

சிறுநீரகம் அறவே செயலிழந்தோருக்கு உயிர் காப்பது டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் சுழலும் உருளையில் மெல்லிய செலோஃபேன் குழாயைச் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தத்தக்க டெஃப்லான் குழாயைக் கண்டபின், அச்சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர்வது இயல்வதாயிற்று. நம் தமிழகத்துக்கும் இத்துறையில் பெருமை உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் நடைபெற்றது. பணம் படைத்தோர்க்கே எட்டிய டயாலிசிஸ், அரசு மருத்துவமனைகளாலும் காப்பீட்டுத் திட்டங்களாலும் இன்று ஏழை வீட்டுக்கும் எட்டியிருக்கிறது. இது போற்றத்தக்க சாதனை.

ஆனால் அந்த எந்திரத்தின் பக்கத்திலிருந்து எழுந்த மனிதர் வீடு போய்ச் சேரும் வழியை எண்ணிப் பார்த்தோமா? ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு நெசவாளி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் எழுந்து பேருந்தேறி மாவட்டத் தலைநகருக்கு வருகிறார். நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். அந்த நேரத்துக்குள் அவர் உடலிலிருந்து இரண்டு, மூன்று லிட்டர் நீர் வெளியேற்றப்படுகிறது. நலமுள்ளவரின் சிறுநீரகம் இரவும் பகலுமாக மெல்லச் செய்யும் வேலையை எந்திரம் ஒரே மூச்சில் செய்து முடிக்கிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது, உடல் ஓய்கிறது, தலை கனக்கிறது. அந்த நிலையில் கட்டிலை விட்டு இறங்கி, படிக்கட்டு இறங்கி, பேருந்து நிலையம் நடந்து, கூட்டத்தில் முண்டி, உயர்ந்த படியில் கால் வைக்கிறார். நடத்துநர் விசில் ஊதுகிறார். இப்படி வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஆண்டுக்கணக்கில்!

கனடாவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 65 வயது கடந்த 162 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் 100-க்கு 47 பேர் ஆய்வுக் காலத்தில் ஒருமுறையேனும் விழுந்திருந்தனர். மழைக்காலத்தில் மின்னல் தாக்குவது போன்ற அரிய நிகழ்ச்சியா இது? ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நேர்வதை விபத்து என்று அழைப்பது மொழிக்கே இழுக்கு.

விழுந்த பின் நேர்வது

நம்மைப் போன்ற இளைஞர் கால்பந்துத் திடலில் நூறுமுறை விழுகிறோம். தூசியைத் தட்டிவிட்டு எழுகிறோம். சிறுநீரக நோயாளியின் எலும்பு அத்தகையதன்று. வைட்டமின் டி குறைந்து, பாஸ்பேட் மிகுந்து, கழுத்திலுள்ள இணைத் தைராய்டு சுரப்பிகள் வரம்பின்றிச் சுரந்து, எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடுகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு மற்றவரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மேலும், எந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து பெரும்பாலோருக்குச் செலுத்தப்படுகிறது. அன்றைய தினம் தலையில் அடிபட்டால் சிறு காயமும் பெருங்குருதிப்போக்காக மாறக்கூடும். டயாலிசிஸுக்கென்று கையில் அறுவை செய்து இணைத்துள்ள இரத்தக் குழாயின்மேல் விழுந்துவிட்டாலோ, உயிர்நாடியே அடைபட்டது போலாகும்.

வலிக்கு என்ன செய்கிறோம்? தெருமுனை மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குகிறோம். அத்தகைய மாத்திரைகள் பல, எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தின் ஆற்றலையும் அழிக்கவல்லவை. காலில் பட்ட அடியைக் குணப்படுத்தப்போய்ச் சிறுநீரகத்தை இழந்தால் யாரை நோவது?

இவற்றினும் கொடியது அச்சம். ஒருமுறை விழுந்தவர் மறுமுறை நடக்க அஞ்சுகிறார். நடவாதவரின் தசை மேலும் கரைகிறது. தசை கரைந்தவர் எளிதில் விழுகிறார். ஊர்க் கிணற்று உருளையைப் போல இது சுற்றிச் சுற்றி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததனாலேயே உயிரிழக்கின்றனர். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. சாலை விபத்துக்குச் சட்டம் உண்டு, தலைக்கவசம் உண்டு, விளம்பரப் பலகை உண்டு. வீட்டுக்குள் விழுவதற்கு என்ன உண்டு?

கேட்கப்படாத கேள்வி

நோயாளி மருத்துவரிடம் செல்கிறார். எடை, இரத்த அழுத்தம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின் என எல்லாம் சீட்டில் ஏறுகின்றன. “கடந்த சில மாதங்களில் எங்கேனும் விழுந்தீர்களா, ஐயா?” என்னும் கேள்வி மட்டும் பல இடங்களில் எழுவதில்லை. நோயாளியும் சொல்வதில்லை. சொன்னால் மகன் வெளியே விடமாட்டான், மருமகள் கேலியாக நினைப்பாள், டீக்கடை வரையில் போகும் உரிமையும் பறிபோகும் என்று அஞ்சுகிறார். கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. இந்த மௌனத்தின் நடுவேதான் எலும்புகள் முறிகின்றன.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. “டயாலிசிஸ் கட்டிலே போதவில்லை, மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர், இந்நிலையில் வழுக்கி விழுவதைப் பேச வந்துவிட்டீரா?” என்பர். பெரிய குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அரும்பாடுபட்டு, அரசுப் பணம் செலவிட்டு, எந்திரத்தால் மீட்கப்பட்ட ஓர் உயிரை ஐந்து ரூபாய்ப் பாசிக்குப் பலி கொடுப்பது எவ்வகைச் சிக்கனம்? ஒரு கைப்பிடிக் கம்பியின் விலையையும், இடுப்பெலும்பு அறுவையின் செலவையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

வேறு சிலர், “அப்படியானால் அவரைப் படுக்கையிலேயே இருத்திவிடலாமே” என்பர். இது அன்பின் பெயரால் செய்யும் தீங்கு. கட்டிலில் கட்டிப்போட்ட மனிதர் விழமாட்டார்தான். ஆனால் அவர் எழவும் மாட்டார். விழாமல் நடக்கச் செய்வதே நமது குறிக்கோளாதல் வேண்டும், நடக்காமல் தடுப்பதன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, சிறுநீரக நோய்க்கு மருத்துவம் பெறும் ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு முறையும், “விழுந்தீர்களா?” என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். இதற்கு எந்திரம் வேண்டா; நிதி ஒதுக்கீடும் வேண்டா.

இரண்டாவதாக, டயாலிசிஸ் முடிந்தவுடன் எழுப்பி அனுப்பாமல் சிறிது நேரம் உட்கார வைத்து, நிற்க வைத்தும் இரத்த அழுத்தம் பார்த்த பின்னரே வெளியே விட வேண்டும். தலை சுற்றுபவரைத் துணையின்றி அனுப்புதல் கூடாது. பேருந்து நிறுத்தம் மருத்துவமனை வாயிலுக்கு அருகில் அமைதல் நலம்.

மூன்றாவதாக, மருந்துகளை எல்லாம் ஒருசேர மருத்துவரிடம் காட்டி, எது எந்த நேரத்தில், எந்த அளவில் என்று கேட்டறிய வேண்டும். தலைசுற்றுகிறதென்று தாமாகவே இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடுவது, விழுவதினும் பெரிய ஆபத்து.

நான்காவதாக, வீட்டைச் சீர்செய்ய வேண்டும். கழிப்பறையில் பிடித்தெழ ஒரு கம்பி. இயலுமாயின் உயர்ந்த இருக்கை. குளியலறையில் வாரம் ஒருமுறை சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்த்தல். இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு. பின்பட்டை உள்ள செருப்பு. இவ்வளவே.

ஐந்தாவதாக, உடற்பயிற்சி. மருத்துவர் இசைவுடன் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல் போன்ற எளிய பயிற்சிகள் தொடையை வலுப்படுத்தும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. இயன்முறை மருத்துவமும் வருகிறது. வீட்டுக்குள் கால் வைக்கும் அந்தப் பணியாளர், நோயாளியின் நாடியோடு வீட்டின் தரையையும் சேர்த்துப் பார்த்தால் எத்துணை நன்மை விளையும்!

நமது பங்கு

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நால்வகைக் கூறுகளும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் தரும் கருத்து. முதல் மூன்றும் நம் கையில் இல்லை. நான்காவது இருக்கிறது. நம் கல்லூரியில் பயில்வோர் பலர் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். தந்தைக்கு நீரிழிவு, பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு என்னும் செய்தி இல்லாத வீடு நம்முள் அரிது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில், நம் பேராசிரியப் பெருமக்களின் வழிகாட்டுதலோடும் சுகாதார நிலையத்தின் துணையோடும், ஒரு சிற்றூரின் நெடுநாள் நோயாளிகள் வீட்டுக்குச் சென்று பார்ப்போமா? அதற்கு எளிய சோதனை ஒன்றும் உண்டு. 1991-இல் மருத்துவ இதழில் வெளியாகி இன்று உலகெங்கும் வழங்குவது அது. கைப்பிடி நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். 12 வினாடிக்கு மேற்பட்டால் அவர் விழக்கூடியவர் என்று எச்சரிக்கை கொள்ளலாம். நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். உடன் நின்று தாங்கிக்கொள்ள ஒரு தோழன் வேண்டும். அப்படிக் கண்டவர் பெயரைச் சுகாதார நிலையத்தில் சொல்வோம். பாசியைத் தேய்ப்போம். கம்பியைப் பதிப்போம். இவை பட்டம் பெற்ற பிறகு செய்ய வேண்டிய பணிகள் அல்ல; இந்த விடுமுறையிலேயே செய்யத்தக்கவை.

ஊர் போனதும், நோயுற்றிருக்கும் பெரியவரிடம் நலம் விசாரிக்கும்போது, “மாத்திரை போட்டீர்களா?” என்பதோடு நிறுத்தாமல், “எங்கேனும் விழுந்தீர்களா?” என்றும் கேளுங்கள். கண்டிக்கும் குரலில் அன்று, பரிவோடு கேளுங்கள். சொல்வார். சொன்ன பிறகு எழுந்து போய், அவர் இரவில் நடக்கும் வழியை ஒருமுறை நீங்களும் விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். எங்கே கல் வைக்க வேண்டும், எங்கே கம்பி வைக்க வேண்டும் என்பது உங்கள் காலுக்கே தெரிந்துவிடும்.